இருமலைச் சொன்னவள்

இன்று கம்பெனியில் மருத்துவப் பரிசோதனை. ரத்தம் எடுக்கும்முன் நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். ஆறு வருடம் நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, அதே வாசனையில் ஸ்டீல் பாகங்களைத் துடைத்தோம். நர்ஸ் இரண்டு முறை "முடிஞ்சிதும்மா, எழுந்திருங்க" என்ற பிறகுதான் எனக்குக் காது கேட்டது.

நம் வேலையை வெளியில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் மிச்சக் காற்று எவ்வளவு என்று அளக்கும் கருவி. அதற்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பொருத்த வேண்டும். ஒரு தூசி போனாலும் கணக்கு தப்பிவிடும். அதனால் தலைமுதல் கால்வரை வெள்ளை உடை, முகமூடி, கையுறை. கண் மட்டும்தான் வெளியே தெரியும். நீ சிரிக்கிறாயா, மூச்சுக்குத் திணறுகிறாயா என்று உன் கண்ணை வைத்தே கண்டுபிடிப்பேன்.

எண்ணூரில் அனல்மின் நிலையத்தை ஒட்டிய உன் வீட்டில் காயப்போட்ட துணியைச் சாம்பல் போக உதறித்தான் மடிக்க வேண்டும். உனக்கு மூச்சிழுப்பும் இருமலும் இருந்தன. ஆனாலும் ஷிஃப்ட்டுக்கு அரைமணி முன்பே வந்துவிடுவாய். ஒருநாள் உடை மாற்றும்போது கேட்டேன்.

"இன்னாத்துக்குடி இவ்ளோ சீக்கிரம் வர்ற?"

"உள்ள காத்து சுத்தமா கீதுடி. அங்க குந்திகினு இருந்தாதான் நெஞ்சு அடைக்காம கீது. வூட்டுக்குப் போனா திரும்பப் புடிச்சிக்குது."

போன வருடம் நாம் செய்த கருவிகள் உள்ளே அழுக்கு என்று திரும்பி வந்தன. இன்சார்ஜ் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டார். "உங்க டேபிள் பக்கம் யாருக்குனா இருமல் இருக்கா? மறைச்சா எல்லாருக்கும் கஷ்டம்மா" என்றார். என் காண்ட்ராக்டை நீட்டிக்கவேண்டிய மாதம் அது. உன் பெயரைச் சொன்னேன். உனக்கு லீவு கொடுத்து டாக்டரிடம் அனுப்புவார்கள் என்று நினைத்ததாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்ன நேரத்தில் அப்படி எதுவும் நினைக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

உன்னைப் பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றினார்கள். கேட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. நாள் முழுக்க லாரிப் புகை, அட்டைப்பெட்டித் தூசி. முதல் நாள் கேண்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"நீதான் சொன்னியா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"நீ இல்லாங்காட்டி வேற யாராச்சும் சொல்லிருப்பாங்க. வுடு. சாப்டு."

எப்போதும்போல உன் டப்பாவிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாய். நானும் தின்றேன்.

இரண்டு மாதம் கழித்து, பாகங்களைக் கழுவும் தண்ணீரின் ஃபில்டர் கிழிந்திருந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. இன்சார்ஜிடம் போனேன்.

"சார், தப்பு அவ மேல இல்லன்னு ஆயிடுச்சே. திரும்ப உள்ள எடுத்துக்கலாமே."

"அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சும்மா. ஃபில்டர் கிழிஞ்சா என்ன, இருமல் இருமல்தானே."

இரண்டாம் முறை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். உன் நாற்காலியில் இருந்த புதுப்பெண்ணுக்கு எதிரே போய் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன்.

மழைக்காலத்தில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்று முறை வந்தேன். மூன்றாம் முறை உன் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறார். "அங்க அவளுக்குனு நீ ஒருத்திதான் கண்ணு இருந்த. அவளே சொல்லுவா" என்கிறார். அப்படியென்றால் நீ கடைசிவரை அவரிடம் சொல்லவே இல்லை. ஒவ்வொரு முறையும் சொல்லிவிடத்தான் வாய் திறக்கிறேன். "சாப்ட்டீங்களாம்மா" என்றுதான் வருகிறது. சொன்னால் என் பாரம் குறையலாம். ஆனால் மகள் போன பிறகு அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆறுதலும் போய்விடும். அதனால் சொல்லப்போவதில்லை.

நாளை ஞாயிறு. போன் வரும்.