விசாரித்ததில் வராதது

அன்பு மகனுக்கு,

உன் மனைவியின் படிப்பு, குடும்பம், முறிந்துபோன முதல் கல்யாணம் எல்லாவற்றையும் ஆள்விட்டு விசாரித்திருந்தேன். போட்டோவைப் பார்க்க மட்டும் மறுத்துவிட்டேன். உங்கள் கல்யாணத்துக்கும் வரவில்லை.

நேற்று ஸ்கேன் எடுக்கப் போனேன். குழாய்க்குள் படுத்ததும் மூச்சு முட்டி அலறிவிட்டேன். அங்கிருந்த நர்ஸ் ஓடிவந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் இங்கயேதான் இருக்கேன். கண்ணை மூடிக்குங்க.”

அரைமணி நேரமும் கையை எடுக்கவில்லை.

வெளியே வந்ததும், “நீ யாரும்மா?” என்றேன்.

தயங்கினாள். “உங்க மருமக.”

விசாரித்ததில் அந்தக் கையைப் பற்றி யாரும் சொல்லவில்லையடா.

அப்படியே கிளம்பி வந்துவிட்டேன். ரிப்போர்ட் இன்று வந்தது, அதை அப்புறம் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள். உனக்கு வேலையிருந்தால் அவளை மட்டுமாவது அனுப்பு.

உன் அம்மா