கறுப்புத் திரை பாஸ்வேர்டு கேட்கும்போது

என்னங்க,

லேபில் கூட வேலை செய்கிறவள் லீவு. இன்று இரண்டு ஷிப்டும் எனக்குத்தான், அதனால் எழுப்பாமல் கிளம்புகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

நம் சின்னவள் வீட்டில் பாடம் நடத்தி எடுத்த கணக்கு வீடியோக்கள் இருக்கும் இணையதளத்தை நாளையோடு மூடுகிறார்கள். அவளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். "நானே இறக்கிக்கிறேன், நீ தொடாதே"ன்னு சொன்னீர்கள், நான் தொடவில்லை.

கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன். மஞ்சள் தாளில் இரண்டு வரி இருக்கிறது. முதல் வரி டவுன்லோட் புரோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றும், இரண்டாவது வரி நாற்பத்தொரு வீடியோவையும் இறக்கும். புள்ளி, இடைவெளி எதையும் விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள்.

முதல் வரிக்குக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு கேட்கும். அடிக்கும்போது ஒரு எழுத்தும் தெரியாது, நட்சத்திரம்கூட வராது. நேற்று அதற்குத்தான் "கீபோர்டு செத்துப்போச்சு, எல்லாத்தையும் நீதான் கெடுத்து வச்சிருக்கே"ன்னு கத்தினீர்கள். கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே தெரியாவிட்டாலும் அத்தனையும் உள்ளே போகிறது.

"கல்லு மாதிரி நிக்கிறியே"ன்னும் கேட்டீர்கள். எனக்கும் அத்தனையும் உள்ளேதான் போனது.

வெளியே போனால் சாவியை மறக்காதீர்கள். நான் வர ராத்திரியாகும்.

இன்னொன்று. பன்னிரண்டாவது பாடத்தில் அவள் வகுத்துக் காட்டும்போது, சமையலறையில் நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கிறது. எதற்குச் சிரித்தோம் என்று ஞாபகம் வரவில்லை. அதை மட்டும் நான் வந்த பிறகு போடுங்கள்.