பாதியில் நிறுத்திய லேசர்

மதினி,

கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இன்று காலை கன்னத்தில் வழிந்தது. அந்த எரிச்சலில் உங்கள் நினைவுதான் வந்தது. திண்டுக்கல் கண் ஆஸ்பத்திரியில் நாம் இருவரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அதே பெஞ்சு. வீடு வந்த பிறகும் எழுத்து கலங்கித்தான் தெரிகிறது.

வேடசந்தூர் நூல் மில்லில் நாம் வேலை பார்த்தபோது, அறுந்த இழையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவீர்கள். "ஏடி, அங்கிட்டு ரெண்டு அந்து கிடக்கு, என்ன கனாக் கண்டுக்கிட்டு நிக்கிற?" என்பீர்கள்.

இருவருக்கும் சர்க்கரை; கண்ணும் ஒன்றுபோலத்தான் கெட்டிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். எனக்கு விழித்திரையின் நடுவில் கொஞ்சம் நீர் கோத்திருந்தது. லேசரால் சில புள்ளிகள் சுட்டு, கால் மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே ஒரு கண் மங்கிப்போன உங்களுக்கோ, நல்ல கண்ணில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தன. விழித்திரையின் ஓரம் முழுக்கச் சுட வேண்டும், மூன்று தடவை வாருங்கள் என்றார் டாக்டர். முதல் தடவையே நெற்றி விண்விண்ணென்று தெறிக்க, பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வந்தீர்கள்.

பக்கத்து மிஷினைப் பார்த்துத்தான் நம் மிஷினில் கோளாறா என்று மில்லில் முடிவு செய்வோம். லேசரையும் அப்படியே பார்த்தேன். "எனக்கு ஒரே தடவதேன் மதினி, வலியே இல்ல. ஒங்களுக்குச் சூட்டக் கூட்டி வச்சுட்டாக. இனிப் போக வேணாம்" என்றேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெரிய இவள் மாதிரி நானே தீர்ப்புச் சொன்னேன்.

நீங்களும் அத்தோடு நின்றுவிட்டீர்கள். நான்கே மாதம். உள்ளே ரத்தம் கசிந்து, உங்களுக்கு மிச்சமிருந்த ஒரே நல்ல கண்ணும் போனது. அதன்பின் என் குரலை வைத்துத்தான் என் பக்கம் திரும்பினீர்கள். நான் அழுதபோது, "நீ சொன்னதுக்காகவாடி நின்னேன்? எனக்கே போகப் பயமாத்தேன் இருந்துச்சு. நீ சொன்னது வசதியாப் போச்சு" என்றீர்கள். என் மனம் ஆறச் சொன்ன பொய் என்றே, போன தையில் உங்களை அடக்கம் செய்த பிறகும் நம்பியிருந்தேன்.

இப்போது எனக்கும் அதே ஓரத்து லேசர். வலி இம்புட்டு இருக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது, மன்னியுங்கள். இன்று இரண்டாவது தடவை. பஸ் ஏறும் வரை, போகாதே என்று யாராவது சொல்ல மாட்டார்களா என வீட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீங்கள் சொன்னது பொய்யில்லை மதினி. அன்று என் முகத்தையும் இப்படித்தான் பார்த்திருக்கிறீர்கள்.

மூன்றாவது பாக்கி இருக்கிறது. உங்கள் கறுப்புக் கண்ணாடியை எடுத்து வைத்திருக்கிறேன். "போயிட்டு வாங்க மதினி" என்று அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதை, வாசலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்புவேன்.