பாலில் கிடந்த கரித்துண்டு

இன்று காலை கீழே இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு கரித்துண்டு கேட்டு வாங்கினேன். இந்த வயதில், இரண்டு மாடி இறங்கிப் போய். எதற்கு என்று அவர் கேட்டார். பல் தேய்க்க என்றேன். கன்னியாஸ்திரிகளிடம் பத்து வருடம் படித்தவள், வாய் கூசாமல் பொய் சொன்னேன். எல்லாம் உங்களால்.

நம் சின்னவளின் மகளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதமாகிறது. திருப்பதியில் அவளோடுதான் இருக்கிறேன். பால் நிறைய ஊறுகிறது. இங்கே ஆஸ்பத்திரியில் அதை வாங்கிப் பரிசோதித்து, சூடாக்கி, உறைய வைத்து, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். பேத்தி புட்டிகளில் தேதி எழுதி ஒட்டினாள். ஏழா ஒன்றா என்று தெரியாத கையெழுத்து. எல்லாவற்றையும் கிழித்துத் திரும்ப எழுத வைத்தேன். யாருடைய குழந்தைக்குப் போகிறது என்றுகூடச் சொல்ல மாட்டார்களாம். அவள் கணவனுக்கு அதில் குறை. உங்களுக்கும் அன்று யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆந்திரம் தனி மாநிலமாகி, எல்லை எந்த ஊரோடு நிற்கும் என்று முடிவாகாத காலம் அது. நீங்கள் குடிபாலா பக்கமெல்லாம் சைக்கிளில் சுற்றி, தமிழ் ஊர்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தீர்கள். சித்தூர் வீட்டில் குழாய் ஒழுகியது உங்கள் கண்ணில் படவில்லை. எதிர்த்தரப்பில் பேசியவர் ஒரு தெலுங்கு வாத்தியார். அவர் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகி, ஜுரத்தில் பால் வற்றிப்போனது. என்னோடு படித்த நர்ஸ் மேரி என்னிடம் பால் கேட்டு அனுப்பினாள். நம் சின்னவளுக்கு அப்போது மூன்று மாதம்.

“அந்த வாத்தி மேடையில நம்மள என்னா பேசினான்னு தெரியுமா? அவன் வூட்டுக்கு இங்கேருந்து பாலா?” என்றீர்கள்.

“மேடையில பேசினது அவரு. ஆஸ்பத்திரில கெடக்கறது புள்ள. அதுக்கு இன்னும் பேச்சே வரல” என்றேன்.

நீங்கள் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டீர்கள். வாதத்தில் தோற்றால் உங்களுக்கு அதுதான் வழக்கம்.

நான்கு நாள் ஜட்காக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். ஐந்தாம் நாள் எல்லைக்காகக் கடையடைப்பு, ஜட்கா ஓடவில்லை. அந்தக் கடையடைப்புக்குக் கூப்பிட்டவர்களில் நீங்களும் ஒருவர். வெந்நீரில் கொதிக்க வைத்த தம்ளரில், அரை மணி நேரம் கையால் பீய்ச்சிய பாலைத் துணி கட்டி மேசைமேல் வைத்தேன். நான் கேட்காமலே நீங்கள் எடுத்துக்கொண்டு போனீர்கள். எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி ஆயா மூச்சிரைக்க வந்து நின்றாள். “பால்ல கரி கெடந்துதும்மா. சிஸ்டர் கொட்டிட்டாங்க. பாப்பா அழுவக்கூட தெம்பில்லாம கெடக்குது.”

சின்னவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அடைத்த கடைகளைத் தாண்டி வெயிலில் நடந்தே போனேன். தடுப்புத்துணிக்குப் பின்னால் உட்கார்ந்து மறுபடியும் பீய்ச்சினேன். பதற்றத்தில் பால் இறங்கவே இல்லை. சின்னவளை ஒரு பக்கம் குடிக்க விட்ட பிறகுதான் மறுபக்கம் இறங்கியது. மேரி இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக அந்தக் குழந்தைக்கு விட்டாள். என் உள்ளங்கை நீளம்தான் இருந்தது. ஐந்தாவது சொட்டில் தொண்டை அசைந்தது. அப்புறம்தான் எனக்குக் கோபப்பட நேரம் கிடைத்தது.

வராந்தாவின் ஒரு கோடியில் வாத்தியார், மறு கோடியில் நீங்கள். கரியை யார் போட்டது என்று கேட்டேன்.

“நான்தான்.”

பால் வாசல் தாண்டும்போது காத்து கருப்பு தொடரும் என்று உங்கள் அம்மா கரித்துண்டு போட்டதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் நீங்கள். வாத்தியார் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்றுகூட எண்ணாமல் திட்டினேன்.

“நேத்து இந்தப் பக்கம் வந்தப்ப ஜன்னல்ல பாப்பாவ பார்த்தேன்” என்றீர்கள். “ரொம்பச் சின்னதா இருக்குது. வழியில புளிய மரம் வேற. எதுனா தொட்டுடுச்சின்னா?”

கரியைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றவில்லையா? தோன்றவில்லையாம்.

வாத்தியார் பக்கத்தில் வந்தார். தானும் தொட்டிலுக்கு அடியில் ஒரு இரும்பாணி வைத்ததாகவும், சிஸ்டர் அதை எடுத்து எறிந்துவிட்டதாகவும் தமிழில் சொன்னார். நீங்கள் தெலுங்கில் பதில் சொன்னீர்கள். மறுநாள் மேடையில் இருவரும் வழக்கம்போலத் திட்டிக்கொண்டீர்கள்.

அதன்பின் இரண்டு மாதம், ஜட்கா ஓடினாலும் ஓடாவிட்டாலும், பாலை நீங்கள்தான் கொண்டுபோனீர்கள். அந்தக் குழந்தை பிழைத்தது. திருத்தணி சென்னைக்குப் போனது. நாம் ஆந்திரத்திலேயே நின்றோம். எல்லைக்காகக் கடைசிவரை முணுமுணுத்தீர்கள். பால் கதையை மட்டும் கல்யாண வீடுகளில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வீர்கள், நீங்களே பால் கொடுத்ததுபோல. இத்தனை வருடம் அந்தக் கதையைக் கரி இல்லாமலே சொன்னீர்கள். ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சற்று முன் பேத்தி ஐஸ் பெட்டியைத் தூக்கினாள். இது அறிவுக்குப் பொருந்தாது, பாலுக்குப் பாதுகாப்பு ஐஸ்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தும், இங்கே ஏதோ ஒரு வார்டில் உள்ளங்கை நீளத்தில் ஒன்று படுத்திருக்கும் என்று தோன்றியதும் என் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மடித்த காகிதத்தைப் பெட்டியின் மேல்பையில் செருகினேன். அவள் பார்த்துவிட்டாள்.

“என்னாது அம்மம்மா?”

“உங்க தாத்தாது. கேள்வி கேட்காம எடுத்துக்கினு போ.”

வெளிப்பையில்தான் வைத்தேன், காகிதத்தில் நன்றாக மடித்து. நீங்களாக இருந்தால் உள்ளே போட்டிருப்பீர்கள்.