மலை இல்லாத சியாட்டில்

எலெக்ட்ரானிக் சிட்டி, பெங்களூர்
செப்டம்பர் 18, வியாழன்

அன்பு மகன் கிஷோருக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு சுகம்தான், என் சர்க்கரையும் அவருடைய பிரஷரும் மாத்திரைக்குள் அடங்கி இருக்கின்றன. நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் கை வரவில்லை. அம்மா போன் பண்ணாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். அதைவிட, இது நேராக டாலஸ் வீட்டு விலாசத்துக்கே வந்து நிற்பதைப் பார்த்து உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் போட்டது. போனில் கேட்டால் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். கடிதத்தைக் கீழே வைத்தாலும் மறுபடி எடுத்துப் படித்துத்தான் ஆக வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி.

நடந்ததைச் சொல்கிறேன். நம் அபார்ட்மெண்டில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் அமெரிக்காவில்தான் இருக்கிறார்கள் இல்லையா, போன ஞாயிறு சாயங்காலம் அசோசியேஷன் செக்ரட்டரி உத்தமன் கிளப் ஹவுஸில் ஒரு போட்டி வைத்தார். அவரவர் பிள்ளை இருக்கிற ஊரின் டவுன்டவுன் படத்தைக் கொண்டுவர வேண்டும், பெரிய டிவியில் போடுவார்கள், எந்த ஊர் அழகு என்று எல்லோரும் கை தூக்க வேண்டும். முதலில் அவருடைய பெண் இருக்கும் நியூயார்க். கட்டிடமெல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, காலை எட்டரை மணிக்கு சில்க் போர்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஜனம் மாதிரி இருந்தது. அப்புறம் மூன்றாவது மாடி லட்சுமம்மா பையனுடைய சிகாகோ. அது தண்ணீர் ஓரமாகத் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு கட்டிடமும் தன் உயரம் தெரிகிற மாதிரி நிற்கிறது. இது கடலா என்று அப்பா கேட்டதற்கு, ஏரிதான் ரீ, நம்ம ஊர் ஏரி மாதிரி சாக்கடை நுரை தள்ளாது, அவ்வளவுதான் என்று லட்சுமம்மா தன் கன்னடத் தமிழில் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். யாரோ கொண்டுவந்த சான் பிரான்சிஸ்கோவில் பாதி ஊரைப் பனி மூடியிருந்தது, அதற்கு ஒரு கைகூட ஏறவில்லை. அடுத்தது நான். ஜூலையில் நீ அனுப்பிய படத்தைக் கொடுத்தேன். இருட்டத் தொடங்குகிற நேரம், ஒல்லித் தூண் மேல் பெரிய உருண்டை, அதற்கு அந்தப் பக்கம் விளிம்பெல்லாம் பச்சை விளக்கு ஓடுகிற உயரமான கட்டிடம். இது சியாட்டில், என் மகன் தன் வீட்டு பால்கனியில் நின்று எடுத்தது என்று பெருமையாகச் சொன்னேன்.

எதிர் ஃப்ளாட் பெர்னார்ட் உனக்கு ஞாபகம் இருக்கும், வருஷத்தில் பாதி நாள் டாலஸில் மகள் வீட்டில் இருப்பவர். அவர் எழுந்து டிவி பக்கத்தில் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மெதுவாக, "இது டாலஸ்ம்மா. இந்த உருண்டையைப் பார்த்துக்கிட்டுதான் நான் தினமும் வாக்கிங் போவேன். சியாட்டில்ல தூண் மேல தட்டு மாதிரி இருக்கும், பின்னாடி பனிமலை தெரியும். இதுல மலை எங்க?" என்றார். ஆபீஸ் வேலையாகப் போனபோது எடுத்தது, நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். வீட்டு பால்கனி என்று நான் அப்போதுதானே சொன்னேன், எல்லோரும் கேட்டார்களே. உத்தமன் அவசர அவசரமாக அடுத்த படத்தைப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா உன் படங்களையெல்லாம் டேப்லெட்டில் வரிசையாகப் பார்த்தார். போன வருஷப் படங்களில் எல்லாம் தட்டு வைத்த தூண், தண்ணீர், தெளிவான நாளில் அந்த மலை. மார்ச்சுக்கு அப்புறம் வந்த நாலிலும் உருண்டை, சமதரை, வானம். நிலம் அளந்தே முப்பது வருஷம் சம்பளம் வாங்கிய மனுஷன் அல்லவா, நாலு படமும் ஒரே இடத்தில் நின்று எடுத்தது, சுற்றிப் பார்க்கப் போனவன் எடுத்தது இல்லை, அங்கேயே குடியிருக்கிறவன் எடுத்தது என்று சொல்லிவிட்டு டேப்லெட்டை மூடி வைத்தார். இத்தனை மாசம் உன்னையும் கிருத்திகாவையும் புருஷன் பெண்டாட்டியாகப் போனில் ஒன்றாகப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு தடவை அவள் ஜிம்முக்குப் போயிருப்பாள், ஒரு தடவை நீ கடைக்குப் போயிருப்பாய். நானும் நம்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் கிருத்திகாவைக் கூப்பிட்டேன். கிஷோர் பக்கத்தில் இருக்கிறானா என்று மட்டும்தான் கேட்டேன். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், இந்த விலாசத்தையும் தந்தாள். போன நவம்பரில் நாலாம் மாசம் குழந்தை தங்காமல் போனது, யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தது, அதற்கப்புறம் நீ பேச்சையே நிறுத்திக்கொண்டது, மார்ச்சில் டாலஸுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனது. ஏன் எங்களிடம் மறைத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன், கேட்டிருக்கக் கூடாது. "ஞாயித்துக்கிழமை போன் பண்ணா ஏதாவது விசேஷம் உண்டான்னு கேப்பீங்க அத்தை. நீங்க வெச்சதும் அவர் பாத்ரூமுக்குள்ள போய் தண்ணியத் திறந்து விட்டுட்டு நிப்பார்" என்றாள். கிஷோரு, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். டிசம்பரில் கேட்டேன், பொங்கலன்று கேட்டேன், சிரித்துக்கொண்டே கேட்டேன். ஊரில் எல்லோரும் கேட்கிறதுதானே என்று நினைத்தேன். நீ இடம் மாறியதை மறைத்தது கூடப் பெரிசில்லை, என் குரலைக் கேட்டுத்தான் என் பிள்ளை குழாயைத் திறந்து விட்டு அழுதிருக்கிறான் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. இனி அந்தக் கேள்வி என் வாயில் வராது.

அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நம்ம வீட்ல ஒரு சாவு நடந்திருக்கு, நமக்குத் தெரியவே இல்ல" என்றார். அன்றைக்கு முழுக்க அது ஒன்றுதான் பேசினார். மறுநாள் பெர்னார்ட் வந்து எல்லோர் எதிரிலும் சொன்னதற்கு வருத்தப்பட்டார். நான் அவரிடம் விவரம் எதுவும் சொல்லவில்லை, நீ டாலஸில்தான் இருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன். அக்டோபர் இருபதாம் தேதி அவரும் மனைவியும் கிளம்புகிறார்களாம், விருப்பம் இருந்தால் கூட வரலாம் என்றார். போன வருஷம் எடுத்த விசா அப்பாவின் முழங்கால் ஆபரேஷனால் சும்மாதானே கிடக்கிறது. அப்பா உடனே நான் வருகிறேன் என்றுவிட்டார். நான் இல்லாமல் மெட்ரோவில்கூட ஏறாதவர் என்பதால் எனக்கு அதுவும் ஒரு அதிர்ச்சிதான்.

அவர் டாலஸ் வருகிறார், நான் சியாட்டில் போகிறேன். முதலில் உன்னிடம் வரவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே, சுமந்தது அவள். வரட்டுமா என்று கேட்டுத்தான் போகிறேன், வாங்க அத்தை என்றாள். உங்களைச் சேர்த்து வைக்க நான் வரவில்லை, அது உங்கள் ரெண்டு பேர் முடிவு. அவளுக்கு ஒரு மாசம் சமைத்துப் போட வேண்டும், அவள் பேசினால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. அப்பாவும் உன்னை எதுவும் கேட்க மாட்டார். உனக்கும் பேச வராது, அவருக்கும் வராது, ரெண்டு பேரும் அந்த பால்கனியில் சும்மா உட்கார்ந்திருங்கள்.

ஏர்போர்ட்டுக்கு நீயே போ, டாக்சி அனுப்பாதே. பிரஷர் மாத்திரை காலையில் டிபனுக்கு முன்னால், அவர் மறந்துவிடுவார். முழங்காலுக்காக வெந்நீர் பை வாங்கி வை. நேரத்துக்குச் சாப்பிடு, போனில் பார்த்தால் உன் கழுத்து எலும்பு தெரிகிறது. நீயும் கிருத்திகாவும் எங்கே இருந்தாலும் மனசு ஆறி நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. குழந்தைக்கு நீங்கள் ஏதாவது பேர் நினைத்து வைத்திருந்தால் அப்பாவிடம் சொல்லு. அவர் கேட்க மாட்டார், ஆனால் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்.

உன் அம்மா,
அம்புஜம் சந்திரன்