சஹனில் என் இடம்

றுஸ்னா,

கதவைப் பூட்டிவிட்டேன், திறப்பு தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே இருக்கிறது. இறைச்சி ஆணத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டேன், உப்பைப் பார்த்துக்கொள். உன் கூடப்பிறந்த காக்கா சப்ரியும் மற்றவர்களும் பகல் சாப்பாட்டுக்கு வரும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

எல்லோரும் ஒரே சஹன் தட்டில் ஒன்றாகக் கைவைத்துத் தின்ன, அதைச் சுற்றி நிலத்தில் சம்மணம் கட்டி இருப்பார்கள். எனக்கு மட்டும் உட்காரக் கதிரையும் தனிப் பீங்கான் தட்டும். போன பெருநாளைக்கு அப்படித்தான் அவர்களுடைய தொப்பிகளைப் பார்த்துக்கொண்டு தின்றேன். காக்கா என் முழங்காலைத் தட்டி, "மாப்பிள்ள இப்ப ராசா மாதிரி, கீழ இறங்கமாட்டார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் பெண்சாதி, நீயும் சிரித்தாய்.

நேற்று, "கொஞ்சம் பொறுங்க மச்சான், சரியாப் போகும்" என்றாய். நான் கத்தினேன். முழங்கால் சவ்வு ஒப்பரேஷன் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. சொல்லித் தந்த பயிற்சியெல்லாம் செய்தேன். கால் மடங்கவில்லை, வலி போகவில்லை. அரிசி ஆலையில் இரவு முழுக்க நிற்க முடியாமல் வேலையையும் விட்டேன். இது சரியாகாது. நீயாவது அதை ஒத்துக்கொள்.

முன்பு நான் இருந்த இடத்தில் காக்காவின் மகனை இருத்து, சஹனுக்கு ஆள் குறையாது. எங்கே என்று கேட்டால் கால் வலி என்று சொல். அது பொய்யில்லை.

நஸீம்

கதிரையை அறைக்குள் தள்ளிவிடு.

எனக்குச் சோறு வைப்பதென்றால் பீங்கானில் போடாதே. சஹனில் ஒரு ஓரம் மிச்சம் விடு. அவர்கள் போன பிறகு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தின்கிறேன்.