கிணற்றை மூடச் சொன்ன கணக்கு

பொந்தியான், ஜோகூர்
12-8-1927

அன்புள்ள தவமணிக்கு,

நீரும் மாமியும் சுகந்தானே? உம்முடைய இருமல் குறைந்ததா? நான் சுகம்.

நான் மருந்து கொடுக்கும் டிரெசராயிருக்கும் இந்த ரப்பர் தோட்டத்தில் போன மாதம் வாந்திபேதி வந்தது. பயப்படாதேயும், நான் கொதித்த தண்ணீர்தான் குடிக்கிறேன். விழுந்தவர்கள் திங்களன்று நாலு பேர், செவ்வாயோடு மொத்தம் ஆறு, புதனோடு ஒன்பது. நாளுக்கு ஒன்றரை மடங்கு. இப்படியே போனால் தோட்டத்திலுள்ள முந்நூறு பேரும் விழ எத்தனை நாள்? நாலின் எழுபத்தைந்து மடங்கு முந்நூறு. ஆகவே எழுபத்தைந்தின் லாகரிதத்தை ஒன்றரையின் லாகரிதத்தால் வகுத்தேன். பதினொரு நாள்கூட இல்லை.

விழுந்தவர்கள் குடித்த கக்கூசோரத்துக் கிணற்றை மூடச் சொல்லி, கணக்குப் போட்ட தாளைத் தோட்டத் துரையிடம் நீட்டினேன்.

"கூலிக்கு அல்ஜீப்ராவா?" என்று சிரித்து, அதிலேயே சப்பாத்துச் சேற்றைத் துடைத்தான்.

நானே கயிற்றை அறுத்து, கிணற்றின்மேல் பலகை அடித்தேன்.

"தண்ணிக்கு எங்கய்யா போறது?" என்று அழுதாள், ரப்பர் மரத்தில் பால்வெட்டும் வெள்ளையம்மா. பிறகு அவள்தான் முதலில் ஓடைத் தண்ணீரைக் காய்ச்சினாள்.

பதினேழு பேரோடு நோய் நின்றது. ஐவர் இறந்தார்கள்.

தானே கிணற்றை மூடியதாகத் துரை கம்பெனிக்குக் கடிதம் எழுதி, என்னையே நகலெடுக்கச் சொன்னான். எடுத்துக் கொடுத்தேன். துரையைவிட என்மேல்தான் இப்போது அருவருப்பு.

கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் அனுப்பும். சோறு இறங்குவதில்லை. தபால்காரன் அவசரப்படுத்துகிறான்.

உம்முடைய
ஏரம்பமூர்த்தி